மிச்சம் லீக்கும் என் நிறையும்

லீக்கின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் போன மாதம் கொமிட்டியிலிருந்து கேட்டார்கள். "நீர் தொடக்கத்திலயே விளையாடினவர்தானே, பழைய ஞாபகங்களை நல்ல மாதிரி எழுதித் தாரும்" என்றார் தொலைபேசியில் பேசியவர். 'நல்ல மாதிரி' என்பதை அழுத்திச் சொன்னார். எனக்கு நல்ல மாதிரி எழுத வராது. வேலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே மனேஜர் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார். அதனால் மலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று லண்டனில் ஓர் அமெரிக்கன் ஃபுட்போல் லீக் இருக்கிறது என்றால் வெளியாட்கள் நம்புவதில்லை. கிரிக்கெட்டைத்தான் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. முட்டை வடிவப் பந்து, தோளில் பெரிய கவசம், முகத்துக்குக் கம்பி போட்ட ஹெல்மெட், அதேதான். அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவையே கண்டதில்லை. அவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். சின்ன வயதில் அங்கே அகதியாகப் போய், அந்த ஊர்க் கழகத்தில் இந்த விளையாட்டைப் பழகி, பிறகு தன் பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதிக்கு வந்து குடியேறினார். பார்சல் வான் ஓட்டினார். பெரியவர்களுக்கு அவர் ஜெர்மன் அண்ணை. எங்களுக்கு ஜெர்மன் மாமா.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒரு தேவாலய மண்டபத்தில் நடக்கும். பக்கத்திலேயே பார்க். கடைசிப் பாடம் முடியும் முன்னரே நழுவி வரும் பையன்களைப் பிடித்து அவர் விளையாடப் பழக்கினார். ஹெல்மெட்டுகள் பழைய கழகத்திலிருந்து இரந்து வாங்கியவை, உள்ளே யாரோ ஜெர்மன் பையன்களின் வியர்வை மணக்கும். "லோஸ்! லோஸ்!" என்று கத்துவார். ஓடு என்று அர்த்தம். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் ஜெர்மன் மொழியில் கத்த, மிச்சத்தில் நாங்கள் அமெரிக்க விளையாட்டு விளையாடினோம்.

ஓர் அணியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எதிரணி வேண்டும். எங்கள் ஆட்களிடம் எதிரணி கேட்டு அலைய வேண்டியதில்லை. மிச்சத்தில் ஒன்று நடக்கிறதென்று கேள்விப்பட்டதும் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒன்று தொடங்கினார்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறதென்றதும் வடக்கே கிங்ஸ்பரிக்குப் பொறுக்கவில்லை. பிறகு முதலாவது பரிசளிப்பில் மேடையில் யார் யார் இருப்பது என்ற சண்டையில் மிச்சம் அணி இரண்டாக உடைந்தது. நான்கு அணிகள் வந்துவிட்டன, லீக் ஆகிவிட்டது. இதைத்தான் மலரில் வருடாவருடம் 'தூரநோக்கு' என்று போடுகிறார்கள்.

நான் குண்டன். இதை நாகரிகமாகச் சொல்லும் சொற்கள் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூட எனக்கு யாரும் பயன்படுத்தியதில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கும் மாமியே தொடங்கிவிடுவா. "வாங்கோ, வாங்கோ. தம்பி வாசலால வருவானோ, நாங்கள் சுவரை இடிக்கிறதோ?" எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பா. சிரித்து முடிந்ததும் அந்த மாமியே என் தட்டில் இன்னும் இரண்டு ரோல்ஸ் வைப்பா, சாப்பிடாவிட்டால் கோபிப்பா. பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதப்போவதில்லை. 

ஜெர்மன் மாமா என்னை முதன்முதலாகப் பார்த்த அன்று என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நானும் வழக்கமான பகிடிக்காகக் காத்திருந்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "உன்னைத்தானடா இவ்வளவு நாளும் தேடினனான்" என்றார். எனக்குப் பதினொரு வயது. அதுவரை என்னை யாரும் எதற்காகவும் தேடியதில்லை. அன்றிரவு சந்தோஷத்தில் எனக்கு நித்திரை வரவில்லை.

இந்த விளையாட்டில் ஒருவன் பின்னால் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுபவனுக்கு எறிவான். அவனை அடித்து விழுத்த எதிரணி பாய்ந்து வரும். அதைத் தடுக்க அவனுக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து வரிசையாக நிற்பார்கள். அந்த ஐந்து பேரும் பந்தைத் தொடுவதில்லை. அவர்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை. எங்கள் லீக்கில் ஒரு விதியும் இருந்தது. குறிப்பிட்ட நிறைக்கு மேலே போனவன் ஹெல்மெட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, வரிசையில் மட்டும்தான் நிற்கலாம். பாரமானவன் ஓடிவந்து மோதினால் சின்னப் பிள்ளைகளின் எலும்பு முறியும் என்று ஜெர்மன் மாமா கொண்டுவந்த விதி அது.

நான் வரிசையில் இடது கரை. எறிபவன் என் நண்பன், மெலிந்த பையன், வலது கைக்காரன். எறிவதற்குத் திரும்பினால் அவனுக்கு இடது பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்தால் வருபவனை நான்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். ஈஸ்ட் ஹாம் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்தும் என்னை அசைக்க முடியவில்லை. "நீ நிக்கிற பக்கம் நான் பாக்கிறதே இல்லை" என்று நண்பன் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவன். அந்த இடது கரை இடத்தைத் தவிர எனக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது. அவர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மனேஜர், பழைய மாணவர் சங்கத்தில் செயலாளர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். கிங்ஸ்பரியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் பந்தியில் இருந்தபோது, ஓட்டக்காரப் பையன் ஒருவனின் தகப்பன் அப்பாவிடம் கேட்டார்: "உங்கட மகன் எவன் அண்ணை? குனிஞ்சுகொண்டு நிக்கிறவனோ? பந்து அவன்ர பக்கமே போறேல்ல, பாவம்." அப்பா சிரித்தார். காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "இனி நீ பந்து தூக்கிறாய்."

"எனக்கு லைன்தான் விருப்பம், அப்பா."

"மற்றவன்ர பிள்ளைக்குக் காவல் நிக்கிறதோ உனக்கு விருப்பம்?"

ஓம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் உண்மை. ஆனால் அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

லீக் பையன்களைத் தராசில் ஏற்றிப் பார்க்கும் அடுத்த நிறுவை ஐப்பசி மாதக் கடைசியில் வந்தது. அதற்குள் என்னை மெலிய வைக்க வேண்டும். முதலில் அப்பா என் தட்டில் சோற்றைக் குறைத்தார். அம்மா குசினிக்குள் கூப்பிட்டு மீதியை ஊட்டிவிட்டா. டயட் என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒரு நோயின் பெயர். பிள்ளைக்குச் சாப்பாடு மறுப்பது அம்மாவால் ஏலாத காரியம், அதை யார் சொன்னாலும் கேட்கமாட்டா. அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் முருகனைப் பிடித்தார்.

வாழ்க்கையில் ஒருநாளும் ஒரு நேரச் சாப்பாட்டை விடாத மனிதர், தீபாவளி முடிந்த அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பக்தியோடு சொன்னார்: "தம்பி இந்த முறை கந்தசஷ்டி பிடிக்கட்டும்." அம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஆறு நாள் விரதத்தை வருடாவருடம் தனியாகப் பிடிப்பவ அவ. தன் பிள்ளையும் கூட இருக்கப் போகிறான் என்ற சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினா. நிறுவை என்ற சொல் அன்று வீட்டில் வரவில்லை. நானும் சொல்லவில்லை. கடவுளுக்கு எதிராக வாய் திறக்கிற வயதா அது?

பகலில் தண்ணீர் மட்டும். இரவில் அரைத் தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை என்று அம்மா சொன்னா. "பிடிச்சா ஒழுங்காப் பிடிக்க வேணும், இல்லாட்டிப் பிடிக்கக் கூடாது" என்றார் அப்பா. மாலையில் கறுப்புக் குப்பைப் பையில் கைக்கும் தலைக்கும் ஓட்டை வெட்டி, எனக்கு மாட்டி, மேலே கம்பளி ஜம்பரைப் போட்டு, பார்க்கைச் சுற்றி ஓடவிட்டார். தான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரில் கரையோரமாகவே வந்தார். அம்மாவிடம் அது பயிற்சி என்று சொல்லியிருந்தார்.

ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. சுவரை இடிக்கக் கேட்ட அதே மாமி கோவிலில் என் கன்னத்தைத் தடவி, "முருகன்ர பிள்ளை" என்றா. ஐயர் கூப்பிட்டு மாலை போட்டார். பள்ளிக்கூடத்தில் மதியம் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்து ஆசிரியை விசாரித்தா. மத விரதம் என்றேன். உடனே அவவுடைய குரல் மாறிவிட்டது. மிகவும் மரியாதையாக, சாப்பாட்டு மணம் எனக்குக் கஷ்டமாக இருக்குமென்று, மதியத்தில் நூலகத்தில் இருக்க அனுமதிச் சீட்டு எழுதித் தந்தா. வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருப்பா. நான் நூலகத்தில் மேசையில் தலையை வைத்துப் படுத்துக்கிடந்தேன். இரவில் பல் தீட்டும்போது பற்பசையை விழுங்கினேன், இனிப்பாக இருந்தது.

முருகனிடம் ஒன்றுதான் கேட்டேன். என் நிறை குறையக் கூடாது.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று கோவில் மண்டபத்தில் நெருக்கம். சூரனின் தலை ஒவ்வொன்றாக விழ, சனம் அரோகரா என்று கத்தியது. எனக்குக் கண் இருட்டி உடம்பு ஆடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அதைப் பார்த்து, "பிள்ளைக்கு உரு வந்திட்டுது" என்று கத்தினா. விபூதியை அள்ளி என் நெற்றியில் அப்பி, காலைத் தொட்டுக் கும்பிட்டா. இரண்டு மூன்று பேர் வரிசையில் வந்துவிட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டு அடக்கமாகச் சிரித்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. அதை விடியலிலேயே சாப்பிட வேண்டும், நேரம் தப்பினால் பிடித்த விரதம் முழுக்க வீண் என்பது அம்மாவின் நம்பிக்கை. விடிய முன்னரே எழும்பி, தலை முழுகி, பல கறி சமைத்து, ஈஸ்ட் ஹாமில் சொல்லி வாங்கிய வாழையிலையை விரித்துவைத்து என்னைக் கூப்பிட்டா. நான் வந்து இருந்தேன். சோற்றின் ஆவி முகத்தில் பட்டது. அப்பா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து என்னைத் தோளில் பிடித்து எழுப்பினார்.

"நிறுத்துப்போட்டு வந்து சாப்பிடட்டும்."

"என்ன நிறுக்கிறது?" என்றா அம்மா.

"இண்டைக்கு நிறுவை. ஒரு மணித்தியாலம்தானே. வந்து சாப்பிடலாம்."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றா. அப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஜம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கறுப்புப் பையைப் பார்த்தா.

"அப்ப இது முருகனுக்கு இல்லையோ?"

அப்பா கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தா. இலையில் இருந்ததை அப்படியே ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி என் கையில் தந்தா. என்னைப் பிடித்து வைத்திருந்திருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். சொல்லவில்லை.

நிறுவை ஒரு தமிழ்க் கடையின் பின்பக்கத்தில் நடந்தது. வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் பையன்களை ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். என்னை உள்ளாடையோடு ஏற்றினார்கள். சுற்றி நின்ற தகப்பன்மார் முள்ளையே பார்த்தார்கள். முள் ஆடி ஆடி, கொமிட்டி கீறிவைத்திருந்த சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அப்பா இரண்டு கையையும் தட்டினார். என் ஹெல்மெட்டை வாங்கி நகத்தால் சுரண்டி ஸ்டிக்கரைத் தானே உரித்தார்.

ஜெர்மன் மாமா என் முகத்தைப் பார்த்தார். "நீ சாப்பிட்டனியோ?"

"கந்தசஷ்டி அண்ணை. பிள்ளை விரதம்" என்றார் அப்பா.

ஜெர்மன் மாமா கோவிலுக்குப் போகாதவர். அவர் விரதத்தைப் பற்றி வாய் திறந்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். "இவன் எனக்கு லைனில வேணும். இவன் இல்லாட்டி இடது பக்கம் திறந்துபோகும்" என்றார்.

"ஸ்டிக்கர் இல்லாதவன் பந்து தூக்கலாம். நீங்கள் கொண்டுவந்த ரூல்தானே அண்ணை" என்றார் அப்பா. கொமிட்டிக்காரர் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்பாவின் சங்கத்தில் இருந்தவர்கள்.

மைதானத்துக்குப் போகும் வழியில் பெட்டியிலிருந்ததைக் காரிலேயே சாப்பிட்டேன். ஆறிப்போன சோற்றை மெல்லாமல் விழுங்கினேன். இறங்கியதும் ஒரு மரத்தடியில் முழுவதையும் வாந்தியெடுத்தேன். அப்பா தண்ணீர்ப் போத்தலைத் தந்து, "இப்ப இன்னும் லேசா ஓடலாம்" என்றார்.

அன்று ஈஸ்ட் ஹாமோடு விளையாட்டு. என் இடத்தில் நின்றவன் என்னில் பாதிகூட இல்லாத ஒரு பையன். முதலில் இரண்டு தரம் பந்தை என்னிடம் தந்தார்கள். இரண்டு தரமும் சில அடி தூரம் தள்ளாடிப்போய் விழுந்தேன். அப்பா கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். மூன்றாவது தரம் நான் முன்னுக்கு ஓடித் திரும்ப வேண்டும், நண்பன் எறிவான். நான் ஓடினேன், மெதுவாகத்தான் ஓட முடிந்தது. அவன் எனக்காகப் பந்தை வைத்துக்கொண்டு காத்து நின்றான். நான் திரும்பிப் பார்த்தபோது, இடது கரைப் பையன் தரையில் கிடந்தான். அவனைத் தாண்டி இரண்டு பேர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள். நண்பன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கத்தினேன். என் தொண்டையில் சத்தம் இருக்கவில்லை. அவனுடைய வலது கை முழங்கையில் மறுபக்கமாக மடிந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொமிட்டி கூடியது. யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும். பயிற்சியில் கவனக்குறைவு, ஜெர்மன்காரரின் முரட்டுப் பழக்கம் என்று முடிவு செய்தார்கள். அவர் ஹெல்மெட்டுகளையெல்லாம் மண்டபத்தில் அடுக்கிவைத்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. தலைவர் பதவிக்கு அப்பா வந்தார், இன்றைக்கும் அவர்தான். லீக் நன்றாக வளர்ந்திருக்கிறது. நிறை விதி இருக்கிறது, நிறுவை இன்றைக்கும் பாறணை நாளில்தான். கந்தசஷ்டிக்குக் கோவிலில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வருடாவருடம் கூடிக்கொண்டு போகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் பக்தியைப் பற்றி ஐயர் மைக்கில் உருகுகிறார். அம்மா விரதம் பிடிப்பதை விட்டுவிட்டா. காரணம் கேட்பவர்களுக்கு அல்சர் என்று சொல்கிறா.

நண்பனுக்குக் கை முறிந்த அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் அப்பா என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கட்டிலின் ஒரு பக்கம் அவனுடைய அம்மா இருந்தா. கம்பிகள் வைத்த கை ஒரு தலையணைமேல் கிடந்தது. அது இனி முழுதாக நிமிராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவன் மருந்து மயக்கத்தில் இருந்தான். என்னைக் கண்டதும் கண்ணை விரித்துப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"நீ எங்கயடா நிண்டனி?"

நான் வாயைத் திறக்க முன்னர் அப்பா என் முதுகில் கையை வைத்து என்னை ஒரு அடி முன்னுக்குத் தள்ளினார்.

"அவன் பந்து வாங்க முன்னுக்கு ஓடினவன், தம்பி. இனி அவன் அந்த இடத்தில நிக்கமாட்டான்."